ஓட்டிசம் உள்ள பிள்ளையும் முதலாளியின் வொய்ஸ் மெசேஜும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஓட்டிசம் உள்ள பிள்ளை வீட்டில் இருப்பவர்களும் ஊரில் கடை வைத்திருப்பவர்களும் கடைசி வரைக்கும் வாசித்துவிடுங்கள். மற்றவர்கள் அவர்களுக்கு அனுப்பிவிட்டாலே போதும்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பாடசாலைக்கு இரண்டு வகைப் பெற்றோர் வருவார்கள். உயர் தரத்தில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று கேட்டு வருபவர்கள் ஒரு வகை. மற்ற வகையினர் எல்லோரும் கலைந்து போகும் வரைக்கும் ஓரமாக நின்றுவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்பார்கள்: "சேர், எண்ட மகன்ட விஷயம் உங்களுக்குத் தெரியும்தானே. இப்படிப் பிள்ளைகளுக்கு வேலை எடுத்துக் குடுக்கிற எப் ஒண்டு இருக்காமே. அதக் கொஞ்சம் போனில போட்டுத் தாங்களன்."

இந்தக் கேள்வி சில காலமாகக் கூடிக்கொண்டு வருகிறது. காரணம் இருக்கிறது. இலங்கையில் அரைநகர்ப்புறப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. அந்தக் குழந்தைகள் இப்போது சாதாரண தரம் தாண்டிய வயதில் இருக்கிறார்கள். அந்த அளவை வைத்துப் பார்த்தால் 1,000 பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் ஏறக்குறைய 11 பேர். இவ்வளவு நாளும் "கொஞ்சம் ஒதுங்கின பிள்ளை", "பிடிவாதக்காரன்", "பொல்லாத வெட்கம்" என்று சொல்லிக் கடத்திவிட்டோம். இனி அவர்களுக்குத் தொழில் வேண்டும்.

அதனால் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து, இணையத்தில் இதற்கென்று என்னென்ன இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பார்த்த பிறகு எங்களுக்கு வந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல கருவிகள் இருக்கின்றன. பல இலவசம். ஆனால் நம் ஊரில் இந்தப் பிள்ளைகள் வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பதை விட, கிடைத்த வேலையை முதல் மாதத்திலேயே விட்டுவிட்டு வந்து இருப்பதுதான் அதிகம். ஆகவே வேலை தேடும் செயலியைப் பிள்ளையின் போனில் போடுவதால் பெரிதாக ஒன்றும் மாறாது. மாற வேண்டிய போன் முதலாளியுடையது.

வேலை தேடும் பக்கத்தை முதலில் பார்ப்போம்.

வெளிநாட்டில் வேலை என்றால் விளம்பரம், சுயவிபரக் கோவை, நேர்முகப் பரீட்சை என்று ஒரு வரிசை. ஓட்டிசம் உள்ளவர் அந்த நேர்முகப் பரீட்சையில்தான் விழுவார். கண்ணைப் பார்த்துக் கதைக்க வேண்டும், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற மொட்டைக் கேள்விக்கு அளவாகப் பதில் சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வேண்டும். வேலைத் திறமைக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. அதற்காகத்தான் அமெரிக்காவில் ஜொப்டிப்ஸ் என்ற இலவச இணையப் பயிற்சியை உருவாக்கினார்கள். எனக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிப்பது, வேலை தேடுவது, வேலையைப் பெறுவது, பெற்றதைத் தக்க வைப்பது என்று பகுதி பகுதியாக இருக்கிறது. 16 முதல் 19 வயதுக்கு உட்பட்ட 22 பேரை வைத்துச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி எடுத்தவர்கள் நேர்முகத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதில் மற்றவர்களை விடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நல்ல செய்தி. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரு ராத்தாவோ காக்காவோ வீட்டில் இருந்தால் அந்தத் தாள்களைத் தமிழில் சொல்லிக் கொடுத்தே பழக்கலாம். கொழும்பில் கம்பனி வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு இது உதவும்.

ஆனால் நம் ஊரில் வேலை எப்படிக் கிடைக்கிறது? மாமா ஒரு கடையில் சொல்லுவார். பள்ளிவாசலில் அஸர் முடிந்து வெளியே வரும்போது "பொடியன் ஒருத்தன் நிக்கான், வேலைக்குப் போட ஏலுமா" என்று ஒருவர் கேட்பார். முதலாளி "நாளைக்கு வந்து நிக்கச் சொல்லுங்க, பாப்பம்" என்பார். நேர்முகம் முடிந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015இல் ஓட்டிசம் உள்ளவர்களுக்கென்று ஓர் ஆட்சேர்ப்புத் திட்டம் தொடங்கியபோது, வழமையான நேர்முகத்தை ஒதுக்கிவிட்டுப் பல நாட்கள் வேலை செய்ய வைத்துப் பார்க்கும் முறையைக் கொண்டு வந்தது. அதைப் பெரிய புதுமை என்று உலகமே எழுதியது. "வந்து நில்லு பாப்பம்" என்று நம் ஹார்ட்வெயார் முதலாளிமார் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்! இந்த ஒரு விஷயத்தில் நாம் முன்னுக்கு நிற்கிறோம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதற்குப் பிறகுதான் பின்னுக்குப் போகிறோம்.

நம் பகுதியில் ஒரு பிள்ளை. ஆளை அடையாளம் காட்டும் விபரம் எதுவும் வேண்டாம். 19 வயது. நட்டு, போல்ட், பிவிசி எல்போ எல்லாவற்றினதும் அளவு கண்ணால் பார்த்தே சொல்லுவான். எந்தத் தட்டில் எத்தனை இருக்கிறது என்பதைப் பொத்தகம் பார்க்காமல் சொல்லுவான். ஒரு ஹார்ட்வெயார் கடையில் சேர்ந்து 26 நாள் வேலை செய்தான். அதோடு சரி.

நடந்தது என்ன என்று விசாரித்தால், இரண்டு பக்கமும் கெட்ட மனிதர்கள் இல்லை. முதலாளி சாமான் எடுக்க வெளியே போவார். போகிற வழியில் வொய்ஸ் அனுப்புவார். லொறிச் சத்தம், ஹோர்ன் சத்தம், நடுவில் வேறு யாருடனோ கதைக்கிற சத்தம். "தம்பி, அங்கால கிடக்கிற சாமான எடுத்து இங்கால போட்டுட்டு, அந்த ஆள் வந்தா குடுத்துடு, மற்றத அப்புறம் பாப்பம்." அங்கால என்றால் எங்கே? எந்த ஆள்? மற்றது என்றால் எது? கூட வேலை செய்கிற மற்றப் பொடியன்மாருக்கு இது போதும், அவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். இவனுக்கு ஊகிக்க வராது. அதே வொய்ஸைப் பத்துத் தடவை போட்டுக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். முதலாளி வந்து பார்த்தால் சாமான் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. "சொன்னா செய்றான் இல்ல" என்று ஆட்களுக்கு முன்னால் ஏச்சு.

கடைசி நாள் பெருநாள் சீசனில் வந்தது. சேரும்போது வேலை 5.30 மணிக்கு முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். கடை நிறைய ஆட்கள். 5.30 ஆனதும் அவன் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டான். அவனைப் பொறுத்தவரை அவன் ஒரு நிமிடம் கூடப் பிந்தாத நல்ல வேலைக்காரன். முதலாளியைப் பொறுத்தவரை இது அகங்காரம். சீசனில் இரவு 10 மணி வரைக்கும் கடை இருக்கும் என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. "இது கூடவா சொல்லணும்?" என்று கேட்டார்கள். ஓம், சொல்லத்தான் வேண்டும். ஓட்டிசம் உள்ளவர்களுடன் வேலை செய்வதற்கான கருவிகள் அத்தனையும் இந்த ஒரு பதிலின் மேல்தான் நிற்கின்றன.

உதாரணத்துக்கு கொப்ளின் டூல்ஸ் என்று ஓர் இணையத்தளம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியியலாளர் இப்படியானவர்களை மனதில் வைத்துச் செய்தது. இணையத்தில் இலவசமாகப் பாவிக்கலாம். அதில் ஒரு பகுதியில் ஒரு பெரிய வேலையை எழுதினால், "கடையைத் திறப்பது" என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்துத் தரும். எவ்வளவு நுணுக்கமாக உடைக்க வேண்டும் என்பதை மிளகாயை வைத்துக் காட்டுவார்கள். கொச்சிக்காய் கூடினால் படிகள் கூடும். (எங்களோடு இருந்த மனையியல் டீச்சருக்கு இது மிகவும் பிடித்துப் போய்விட்டது.) இன்னொரு பகுதியில் உங்களுக்கு வந்த செய்தியைப் போட்டால், அனுப்பியவர் கோபமாகச் சொல்கிறாரா, சாதாரணமாகச் சொல்கிறாரா என்று ஊகித்துச் சொல்லும். மற்றொன்று நீங்கள் எழுதிய கரடுமுரடான வசனத்தை மரியாதையாக மாற்றித் தரும். எல்லாம் இயந்திரத்தின் ஊகம்தான், பிழையும் வரும். ஆகவே அது தந்த பட்டியலை வீட்டில் ஒருவர் வாசித்துத் திருத்திவிட்டுத்தான் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1983இல் இருந்து ஜான் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஓர் இலவச ஆலோசனைச் சேவை இயங்குகிறது. அவர்களின் இணையத்தளத்தை உலகில் யாரும் வாசிக்கலாம். அதில் எங்களுக்குப் பிடித்த விஷயம், நோயின் பெயரோடு நின்றுவிடாமல் சிரமத்தைக் கேட்டு வழி சொல்வது. சத்தம் தாங்க முடியவில்லையா, அதற்கு இது. வேலையின் ஒழுங்கு மறந்து போகிறதா, அதற்கு இது. நேரம் பிடிபடவில்லையா, அதற்கு இது.

நம் சமூகத்துக்கு இந்த அணுகுமுறை மிகவும் தேவை என்று நினைக்கிறோம். ஏனென்றால் "ஓட்டிசம்" என்ற சொல்லை வெளியில் சொல்ல எத்தனையோ வீடுகள் பயப்படுகின்றன. தங்கச்சிக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அந்தப் பயம் சரியா பிழையா என்று இங்கே வழக்காட வரவில்லை. ஆனால் பெயரைச் சொல்லாமலே முதலாளியிடம் தேவையைச் சொல்லலாம். "இவருக்கு வாயால சொன்னா மறந்துடும், எழுதிக் குடுத்தா ஒண்டும் விடமாட்டார். கிறைண்டர் சத்தம் கூடினா பத்து நிமிஷம் வெளியில நிண்டுட்டு வரட்டும். நேரம் மாறுறதெண்டா முதல் நாளே சொல்லிடுங்க." மூன்று வசனம். இதைச் சொல்ல வைத்தியர் கடிதம் வேண்டியதில்லை. சொல்லாமல் அனுப்பினால், பிள்ளையின் சிரமத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் குணத்தைத்தான் முதலாளி காண்பார்.

இனி முதலாளிமாரிடம்.

உங்களுக்குப் புதிதாக ஒரு செயலியும் வேண்டாம். வட்ஸ்அப் போதும். வொய்ஸ் அனுப்பும் பழக்கத்தை இந்த ஒரு ஆளுக்கு மட்டும் நிறுத்துங்கள். தட்டச்சு செய்ய நேரமில்லை என்றால், கூகுளின் விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழில் சொன்னால் எழுத்தாக விழும். அதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நீங்கள் செலவழிப்பது பத்து செக்கன். ஒரு செய்தியில் ஒரு வேலை மட்டும் இருக்கட்டும். "அங்கால" என்று எழுதாமல் தட்டின் இலக்கத்தை எழுதுங்கள். தட்டுகளுக்கு இலக்கமே இல்லை என்றால் மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள், மற்ற வேலைக்காரருக்கும் அது உதவும். தட்டு ஒழுங்காக இருக்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்பி, "மாலை கடை பூட்டும்போது இப்படி இருக்க வேண்டும்" என்று எழுதுங்கள். "துப்புரவாக வை" என்பதை விட அந்தப் படம் நூறு மடங்கு தெளிவு. தினசரி வேலைகளை ஒரு செய்தியாக எழுதி மேலே பின் செய்து விட்டால், 30 நாள் வரைக்கும் அது அங்கேயே நிற்கும். முடிந்த வேலைக்கு அவர் ஒரு சரி அடையாளம் போடட்டும். ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் நேரம், நோன்பு காலத்து நேரம், பெருநாள் சீசன் நேரம், மூன்றையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

ஏச வேண்டி வந்தால் தனியாகக் கூப்பிட்டு, என்ன பிழை, அடுத்த முறை எப்படி என்று சொல்லுங்கள். "நல்லாச் செய்றாய் போ!" என்று கிண்டலாகச் சொன்னால் அவர் ஜஸாகல்லாஹ் சொல்லிவிட்டுப் போவார். பிறகு அதற்கும் ஏசுவீர்கள்.

மேலே சொன்ன பிள்ளை இப்போது வேறொரு கடையில் இருக்கிறான். அங்கே முதலாளியின் மகள் கணக்குப் பார்க்கிறார். அவர்தான் வேலைகளை எழுத்தில் அனுப்புகிறார். 14 மாதம் ஆகிறது. பெருநாள் சீசனில் இரவு 10 மணி வரைக்கும் நின்றான், ஏனென்றால் முதல் வாரமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை அதே பிள்ளைதான்.

இதைக் கடைக்காரரின் தலையில் கட்டுகிறோம் என்று சிலர் நினைக்கலாம். பிரித்தானியாவைப் பாருங்கள். அங்கே சட்டம் உண்டு, தொழில் நிலையங்கள் உண்டு, விதம் விதமான செயலிகள் உண்டு. ஆனாலும் 2020ஆம் ஆண்டுக்கான அந்நாட்டுப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குப்படி ஓட்டிசம் உள்ள வளர்ந்தோரில் 22 வீதமானோர்தான் ஏதாவது ஒரு தொழிலில் இருந்தார்கள். 2024இல் அரசாங்கத்துக்காக வெளியிடப்பட்ட பக்லண்ட் அறிக்கை 10 பேரில் 3 பேர் அளவு என்றது. அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் பெரும்பகுதி வேலை கொடுப்போரை நோக்கியவை. கருவி நிறைந்த நாட்டிலேயே நிலைமை இப்படி என்றால், பிள்ளைக்கு மட்டும் பயிற்சி கொடுத்து அனுப்பினால் போதாது என்பது நமக்கு விளங்க வேண்டும்.

நம் நாட்டிலும் கடதாசியில் சிலது இருக்கிறது. அரச வேலைவாய்ப்பில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற சுற்றுநிருபம் 1988இல் வந்தது. உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பதிந்து வையுங்கள், பதிவு இல்லாதவருக்கு எந்தக் கதவும் திறக்காது. ஆனால் அதை நம்பி மட்டும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

போன் கொடுத்தால் கேமில் விழுந்துவிடுவான் என்று பல உம்மாமார் சொல்கிறார்கள். விழலாம். வேலைக்கென்று ஒரு பழைய போன், அதில் வட்ஸ்அப்பும் அலாரமும் மட்டும். அது போதும்.

இன்னொன்று அடிக்கடி பகிரப்படும் வீடியோக்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளை என்றால் கணினி மேதை, கணித மேதை என்று. டென்மார்க்கில் ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன் தோர்கில் சொன்ன 2004இல் ஸ்பெஷலிஸ்டர்ன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி மென்பொருள் பரிசோதனை வேலைக்கு இப்படியானவர்களை எடுத்தார். 2013இல் எஸ்ஏபி என்ற பெரிய நிறுவனமும் அந்த வழியில் ஒரு திட்டம் தொடங்கியது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு, கணினியைத் தொடவே விரும்பாத பிள்ளையை ஐடி வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். சிலருக்குத் துணி மடித்து நிற வரிசையில் அடுக்குவதில் மனம் நிறையும். சிலருக்கு பேக்கரி அடுப்பின் நேரக் கணக்கு. சிலருக்கு நூலகம். மேதையாக இல்லாவிட்டாலும் அவர்களுக்குச் சம்பளம் வேண்டும்தானே.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து பாரதூரமாக எடுங்கள். இணையத்தில் வேலை தேடுகிற ஓட்டிசம் உள்ள இளைஞர் சொல்லைச் சொல்லாகவே நம்புகிறவர். டெலிகிராமில் "வீடியோவுக்கு லைக் போட்டால் காசு" என்று தொடங்கி, முதலில் கொஞ்சம் காசு கொடுத்து, பிறகு வைப்புப் பணம் கேட்கும் கூட்டம் இருக்கிறது. "உன் வங்கிக் கணக்கைத் தா, காசு வந்து போகும், உனக்குப் பங்கு" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதில் மாட்டினால் பொலிஸ் தேடுவது கணக்குச் சொந்தக்காரரைத்தான். வெளிநாட்டில் கணினி வேலை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் மியன்மாரின் மியாவாடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கை இளைஞர்களின் கதையை நாடே அறியும். பிள்ளைக்கு "கவனமா இரு" என்று சொல்லாதீர்கள், அது அவருக்கு ஒன்றும் சொல்லாது. இப்படி எழுதி ஒட்டுங்கள்: வேலை தருகிறவர் என்னிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை. என் வங்கி அட்டையையும் கணக்கையும் பாஸ்வேர்டையும் யாருக்கும் கொடுக்க மாட்டேன். வெளிநாட்டு வேலை என்றால் வாப்பாவிடம் காட்டி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுத்து, முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் பதில்.

முதலாளிக்குக் கொடுக்கும் அந்த மூன்று வசனத்தையும் முதல் வாரத்துக்கான மாதிரி வேலைப் பட்டியலையும் ஒரே தாளில் தமிழில் தயாரித்திருக்கிறோம். ஹார்ட்வெயார், புடவைக் கடை, பாமசி, பேக்கரி என்று நான்கு வகையும் இருக்கிறது. தேவையானவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறோம். பாடசாலைக்கு நேரில் வருவதென்றால் சனிக்கிழமை காலையில் வாருங்கள், ஆட்கள் குறைவு, ஓரமாக நிற்க வேண்டியதில்லை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கு என்ன வேலை பிடிக்கும் என்று அவரிடமே கேட்டுத்தான் தாளை நிரப்புவோம்.